பழக்கூடையும் கரும்பலகையும்: தொடக்ககாலக் கல்லூரிக் கூடைப்பந்தும் கணித வட்ட ஆசிரியர்களின் மரபும்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து என்றாலே நிரம்பி வழியும் அரங்குகளும், தொலைக்காட்சி ஒளிபரப்பு உரிமைகளும், கோடிக்கணக்கில் ஊதியம் பெறும் பயிற்சியாளர்களும்தாம் இன்று நினைவுக்கு வருகின்றன. கணித வட்டம் என்ற பெயரைக் கேட்கும் பெற்றோர் பலர், அது ஒலிம்பியாட் தேர்வுக்கான இன்னொரு தனிப்பயிற்சி மையம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் பிற்காலத்தில் வளர்ந்த வடிவத்தைப் பார்த்து உருவான எண்ணங்கள். தோன்றிய காலத்தில் இரண்டுமே, வகுப்பில் ஆர்வமிழந்து உட்கார்ந்திருந்த மாணவர்களை என்ன செய்வது என்று திகைத்த ஆசிரியர்கள் கண்டறிந்த விடைகள்.

இவற்றுக்கிடையே நேரடி உறவு கிடையாது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கவில்லை. ஆனால் இரண்டும் பரவிய வழி ஒன்றே. போட்டி பெருகியபோது இரண்டுக்கும் எழுந்த கேள்வியும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது, ஓர் ஆசிரியரின் பங்களிப்பை எதைக் கொண்டு மதிப்பிடுவது என்பதைத் தெளிவாக்கும்.

முதலில் சில வரையறைகள்

கணித வட்டத்தைப் பற்றிய குழப்பம் பெரும்பாலும் மூன்று வெவ்வேறு அமைப்புகளை ஒன்றாகக் கருதுவதால் வருவது.

1. தனிப்பயிற்சி: பள்ளிப் பாடத்தையோ நுழைவுத் தேர்வையோ இலக்காகக் கொண்டது. எதைக் கற்பிப்பது என்பதை வெளியிலிருக்கும் ஒரு தேர்வு முடிவுசெய்கிறது.

2. ஒலிம்பியாட்: குறித்த நேரத்தில் கடினமான கணக்குகளைத் தீர்க்கும் போட்டி. பன்னாட்டுக் கணித ஒலிம்பியாட் 1959இல் ருமேனியாவில் தொடங்கியது. இந்தியா 1989 முதல் பங்கேற்கிறது.

3. கணித வட்டம்: கணிதத்தில் தோய்ந்த ஒருவர், பெரும்பாலும் பல்கலைக்கழக ஆசிரியரோ மாணவரோ, பள்ளிப் பிள்ளைகளைப் பள்ளி நேரத்துக்கு வெளியே வாரந்தோறும் சந்திக்கும் கூட்டம். பாடத்திட்டம் இல்லை, மதிப்பெண் இல்லை. நல்ல கணக்குகளை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளே விடை தேடி, கண்ட விடையைப் பிறர் முன் நிறுவிக் காட்டுகிறார்கள்.

வட்டத்துக்குப் போன பிள்ளை ஒலிம்பியாடில் வெல்லக்கூடும். அது வட்டத்தின் விளைவுகளில் ஒன்றே தவிர, அதன் நோக்கம் அன்று.

ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு வகுப்புச் சிக்கல்

கூடைப்பந்து தோன்றிய ஆண்டு 1891, மாதம் டிசம்பர், இடம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. குளிர்காலத்தில் வெளியே விளையாட முடியாது. உள்ளரங்கில் செய்ய வேண்டிய ஒரே மாதிரியான உடற்பயிற்சிகள் 18 பேர் கொண்ட ஒரு வகுப்புக்குச் சலித்துப்போயின. அந்த வகுப்பை ஏற்றிருந்த ஆசிரியர்கள் கைவிட்ட நிலையில், துறைத் தலைவர் லூதர் குலிக் அதைக் கனடாவைச் சேர்ந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடம் ஒப்படைத்து, இரண்டு வாரத்துக்குள் புதிய உள்ளரங்க விளையாட்டு ஒன்றை உருவாக்கச் சொன்னார்.

நெய்ஸ்மித் முதலில் கால்பந்தையும் லக்ராஸ் போன்ற பிற வெளிப்புற ஆட்டங்களையும் உள்ளரங்குக்கு ஏற்றபடி மாற்றிப் பார்த்தார். அவை தோற்றன. அதன்பின் அவர் பின்பற்றிய சிந்தனை முறைக்காகவே இந்த நிகழ்வு நினைவில் வைக்கத் தக்கது. ஓர் ஆட்டத்தில் காயம் ஏன் ஏற்படுகிறது என்று அவர் பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போனார்:

1. அமெரிக்கக் கால்பந்தில் ஆட்டக்காரர் பந்தை ஏந்தி ஓடுகிறார்; அவரைத் தடுக்க ஒரே வழி பிடித்து வீழ்த்துவது. ஆகவே பந்தோடு ஓடக்கூடாது என்று விதித்தால், வீழ்த்தவேண்டிய தேவையே எழாது.

2. இலக்கு தரைமட்டத்தில் செங்குத்தாக நிற்குமானால், பந்தை வேகமாக எறிபவருக்கே வாய்ப்பு அதிகம். இலக்கைத் தலைக்கு மேலே கிடைமட்டமாக வைத்தால் பந்தை வளைவாக மேலெறிந்தாக வேண்டும். வலிமை பின்னுக்குப் போய்க் குறி முன்னுக்கு வரும்.

3. இலக்கு உயரத்தில் இருந்தால், தற்காப்பவர்கள் அதைச் சுற்றி நின்று மறைப்பதாலும் பயனில்லை.

இலக்காக வைக்கப் பெட்டிகள் கேட்டார். பள்ளியின் பராமரிப்பாளரிடம் இருந்தவை பீச் பழக்கூடைகள். அவை உடற்பயிற்சிக் கூடத்தின் மாடத்துக் கைப்பிடியில் அறையப்பட்டன. கைப்பிடியின் உயரம் பத்து அடி. இன்றும் வளையத்தின் உயரம் அதுதான். 13 விதிகள் தட்டச்சு செய்யப்பட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டன. பக்கத்துக்கு 9 பேராக ஆடிய முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கூடை.

கட்டுப்பாடுகளை எழுதி, அவற்றிலிருந்து என்ன பின்தொடரும் என்று படிப்படியாகத் தருவித்து ஒரு விளையாட்டை அமைத்த இந்த முறையைக் கணித ஆசிரியர் யாரும் தம்முடையதென்று அடையாளம் கண்டுகொள்வார்.

விளையாட்டைச் சுமந்து சென்றவர்கள்

விதிகள் 1892 ஜனவரியில் பள்ளியின் இதழில் அச்சாயின. எனினும் கல்லூரிகளுக்குள் ஆட்டம் நுழைந்த பல இடங்களில் ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஒருவரைப் பார்க்கலாம். மினசோட்டாவின் ஹாம்லின் கல்லூரிக்கு ஆட்டத்தைக் கொண்டுவந்த ரே கெய்ன், முதல் ஆட்டத்தில் ஆடிய 18 பேரில் ஒருவர். அந்தக் கல்லூரியும் மினசோட்டா வேளாண் பள்ளியும் 1895 பிப்ரவரி 9 அன்று மோதின. வேளாண் பள்ளி 9–3 என்று வென்றது. 1896 ஜனவரியில் ஐவர் ஐவராக ஆடிய சிகாகோ – அயோவா ஆட்டத்திலும் இரு பக்கத்திலும் ஸ்பிரிங்ஃபீல்ட் மனிதர்களே: சிகாகோவில் அமோஸ் அலோன்சோ ஸ்டாக், அயோவாவில் ஹென்றி காலன்பெர்க். சிகாகோ 15–12 என்று வென்றது.

பெண்கள் கல்லூரிகளின் கதை இதைவிட நுணுக்கமானது. ஸ்பிரிங்ஃபீல்டுக்கு அருகிலுள்ள நார்த்தாம்ப்டனில், ஸ்மித் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியர் செண்டா பெரன்சன் 1892இலேயே ஆட்டத்தைத் தம் மாணவியருக்கு அறிமுகப்படுத்தினார். விதிகளையும் திருத்தினார்: ஆடுகளத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒருவர் தம் பகுதியை விட்டு வெளியேறக் கூடாது, எதிரியின் கையிலிருந்து பந்தைப் பறிக்கக் கூடாது என்று வகுத்தார். பெண்ணுடல் இவ்வளவு அலைச்சலைத் தாங்காது என்று மருத்துவர்களும் கல்லூரி நிர்வாகங்களும் நம்பிய காலம் அது. அந்தத் திருத்தங்கள் இல்லையென்றால் ஆட்டமே தடைசெய்யப்பட்டிருக்கக்கூடும். 1896 ஏப்ரல் 4 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லி பல்கலைக்கழக மாணவியர் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க ஆண்களுக்கு அனுமதி இல்லை. ஸ்டான்ஃபோர்டு 2–1 என்று வென்றது. பாதுகாப்புக்காகப் போட்ட அதே கோடுகள் பிற்காலத்தில் தளையாகவும் மாறின. அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஐவர் அணியாக முழுக் களத்தில் ஆடும் விதி 1971இல்தான் நிலைபெற்றது. ஒரு முன்னோடி ஆசிரியரின் மரபு முழுக்க நன்மையாக மட்டுமே இருக்கவேண்டியதில்லை என்பதற்குப் பெரன்சனின் கோடுகள் சான்று. அதனால் அவர் திறந்துவிட்ட வாசல் சிறிதாகிவிடாது.

கணித வட்டம்: புடாபெஸ்டிலிருந்து மாஸ்கோவுக்கு

கூடைப்பந்து கல்லூரிகளை அடைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், ஹங்கேரியின் ஜ்யோர் நகரில் தானியேல் அரானி என்னும் பள்ளி ஆசிரியர் மாணவர்களுக்கான கணித இதழ் ஒன்றைத் தொடங்கினார். முதல் இதழ் 1894இல் வந்தது. மாதந்தோறும் கணக்குகள் வெளியாகும். நாடெங்குமுள்ள மாணவர்கள் விடைகளை அஞ்சலில் அனுப்புவார்கள். சிறப்பாகத் தீர்ப்பவர்களின் புகைப்படங்கள் இதழில் அச்சாகும். அதே 1894இல் பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்கான தேசியப் போட்டியும் தொடங்கியது. 1896 முதல் 1914 வரை இதழை நடத்திய லாஸ்லோ ராட்ஸ், புடாபெஸ்டின் லூத்தரன் பள்ளியில் கணித ஆசிரியர். பின்னாளில் கணித மேதையாகப் புகழ்பெற்ற ஜான் ஃபான் நாய்மனும் இயற்பியலாளர் யூஜின் விக்னரும் அவரிடம் படித்தவர்கள். நாய்மனின் திறனைக் கண்டதும், அவனுக்குப் பல்கலைக்கழக ஆசிரியர்களிடம் தனியே பயில ஏற்பாடு செய்தவர் ராட்ஸ். 1963இல் நோபல் பரிசு பெற்ற விக்னர், பிரின்ஸ்டனில் தம் அறைச் சுவரில் ராட்ஸின் படத்தை மாட்டியிருந்தார்.

அஞ்சல் வழி நடந்த இந்தத் தேடலை, முகம் பார்த்து நடக்கும் வாரக் கூட்டமாக வளர்த்தது சோவியத் ஒன்றியம். 1934இல் லெனின்கிராடிலும் 1935இல் மாஸ்கோவிலும் ஒலிம்பியாடுகள் தொடங்கின. மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அதையொட்டிப் பள்ளி மாணவர்களுக்கான வட்டங்களும் கூடின. தொடக்கத்தில் அவை சரிவர நடக்கவில்லை. ஒரு மாணவர் ஒரு தலைப்பைத் தயாரித்து உரையாற்றுவார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பதே நடைமுறை. பேசுபவருக்கும் பழக்கமில்லை, கேட்பவருக்கும் பிடிபடவில்லை.

இதை மாற்றியவர் தாவீத் ஷ்க்ளியார்ஸ்கி. அப்போது அவரே கல்லூரி மாணவர், வயது இருபதைத் தொடவில்லை. வட்டத் தலைவர் தன்னளவில் முழுமையான சிறு உரையொன்றை நிகழ்த்துவது, பிறகு மாணவர்கள் கணக்குகளைத் தீர்ப்பது, தீர்த்தவர் கரும்பலகைக்கு வந்து விளக்குவது என்று அவர் முறையை அமைத்தார். 1938ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பியாடில் பரிசுகளில் பாதியை அவருடைய வட்டத்துப் பிள்ளைகளே பெற்றார்கள். பிற வட்டங்களும் அம்முறைக்கு மாறின. ஷ்க்ளியார்ஸ்கி 1942இல், இருபத்து மூன்று இருபத்து நான்கு வயதிலேயே, நாஜிகளுக்கு எதிரான கொரில்லாப் போரில் உயிரிழந்தார். இன்று உலகெங்கும் கணித வட்டம் என்று நடப்பது பெரும்பாலும் அவர் வகுத்த வடிவமே. இத்தனை குறுகிய வாழ்வில் இவ்வளவு நீண்ட விளைவை ஏற்படுத்திய ஆசிரியர்கள் மிகச் சிலரே இருப்பார்கள்.

ஒரு கணக்கை நெருங்கிப் பார்த்தால்

வட்டத்தில் என்ன நடக்கிறது என்பதை விளக்க, அங்கே நெடுங்காலமாகப் புழங்கும் வகையைச் சேர்ந்த ஒரு கணக்கு போதும். கரும்பலகையில் 1 முதல் 10 வரை எண்கள் எழுதப்பட்டுள்ளன. ஏதேனும் இரண்டு எண்களை அழித்துவிட்டு, அவற்றின் வித்தியாசத்தை எழுதலாம். இப்படியே செய்துகொண்டுபோனால் இறுதியில் ஓர் எண்தான் மிஞ்சும். அது பூச்சியமாக இருக்க முடியுமா?

பிள்ளைகள் உடனே அழித்து எழுதத் தொடங்குவார்கள். ஒருவருக்கு 1 மிஞ்சும், இன்னொருவருக்கு 3 மிஞ்சும். பூச்சியம் மட்டும் வராது. நல்ல வட்ட ஆசிரியர் இங்கே விடையைச் சொல்வதில்லை, "சின்னதா ஆரம்பிச்சுப் பாருங்க, 1லேர்ந்து 4 வரைக்கும் எடுத்தா?" என்று மட்டும் கேட்பார். 1, 2 ஆகியவற்றின் வித்தியாசம் 1. 3, 4 ஆகியவற்றின் வித்தியாசமும் 1. இவ்விரண்டின் வித்தியாசம் பூச்சியம். ஆக, 4 வரை முடிகிறது. 5 வரை முடிவதில்லை. 6 வரையும் முடிவதில்லை. 7, 8 வரை மீண்டும் முடிகிறது. ஏன்?

யாரோ ஒரு பிள்ளை பலகையிலுள்ள எண்களைக் கூட்டிப் பார்க்கும்போது திறப்பு கிடைக்கிறது. இரண்டு எண்களின் கூட்டலும் வித்தியாசமும் சேர்ந்தே ஒற்றைப்படையாகவோ, சேர்ந்தே இரட்டைப்படையாகவோ இருக்கும். ஆகவே எத்தனை முறை அழித்தெழுதினாலும், மொத்தக் கூட்டுத்தொகை ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பது மாறுவதில்லை. 1 முதல் 10 வரையிலான கூட்டுத்தொகை 55, ஒற்றைப்படை, பூச்சியமோ இரட்டைப்படை. எனவே முடியவே முடியாது. முயன்று பார்த்துக் கிடைக்கவில்லை என்பதற்கும், எவராலும் எக்காலத்திலும் முடியாது என்று நிறுவுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பத்து வயதுப் பிள்ளை தன் கையாலேயே உணரும் இடம் இது. பாடநூலில் இந்த அனுபவத்துக்கு இடமே இல்லை என்பதுதான் வட்டங்கள் தேவைப்படுவதற்கான காரணம்.

வெற்றிக் கணக்கும் வாரிசுக் கணக்கும்

நெய்ஸ்மித் 1898இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்று 1907 வரை அதன் அணிக்குப் பொறுப்பேற்றிருந்தார். அவருடைய கணக்கில் 55 வெற்றி, 60 தோல்வி. தோல்விகள் மிகுந்த ஒரே கன்சாஸ் பயிற்சியாளர் அந்த ஆட்டத்தை உருவாக்கியவரே என்று இதைப் பலரும் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அவருடைய மாணவர்களின் வரிசையைப் பார்த்தால் அந்த எண்கள் எவ்வளவு பொருளற்றவை என்பது விளங்கும்.

அவரிடம் ஆடிய ஃபாக் ஆலன் பிறகு கன்சாஸின் பயிற்சியாளரானார். ஆலனிடம் ஆடியவர்கள் அடால்ஃப் ரப், டீன் ஸ்மித். கென்டக்கியில் ரப் 876 ஆட்டங்களையும், வட கரோலினாவில் ஸ்மித் 879 ஆட்டங்களையும் வென்றார்கள். ஸ்மித் கன்சாஸில் படித்தது கணிதம் என்பதையும் இங்கே குறிப்பிடத் தோன்றுகிறது. மொத்தப் புள்ளிகளை விட்டுவிட்டு, பந்து கைக்கு வந்த ஒவ்வொரு வாய்ப்புக்கும் சராசரியாக எத்தனை புள்ளி கிடைத்தது என்று கணக்கிடும் பழக்கத்தைக் கல்லூரி ஆட்டத்தில் பரவலாக்கியவர்களில் அவரும் ஒருவர். வேகமாக ஆடும் அணியையும் நிதானமாக ஆடும் அணியையும் நேர்மையாக ஒப்பிட அதுவே வழி.

கணித வட்டங்களிலும் இதே வாரிசு வரிசை ஓடுகிறது. மாஸ்கோவில் நிக்கோலாய் கான்ஸ்டன்டினோவ், கணக்குகளை ஒழுங்காக அடுக்கிய துண்டுத்தாள்களை மாணவரிடம் கொடுத்து, அவர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஓர் இளம் ஆசிரியரிடம் வாய்மொழியாக நிறுவிக் காட்டும் முறையைக் கட்டமைத்தார். அதற்கு ஒரு வகுப்புக்கே பல ஆசிரியர்கள் வேண்டும். முந்தைய ஆண்டுகளில் படித்து முடித்தவர்களே அந்த ஆசிரியர்களாக வந்தார்கள். 1980இல் அவர் நகரங்களுக்கிடையிலான கணிதப் போட்டியையும் தொடங்கினார். லெனின்கிராடில் செர்கேய் ருக்ஷினின் வட்டத்தில் பயின்ற கிரிகோரி பெரெல்மனுக்கு 2006இலும், ஸ்தனிஸ்லாவ் ஸ்மிர்னோவுக்கு 2010இலும் கணிதத்தின் மிக உயரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் அறிவிக்கப்பட்டது. பெரெல்மன் அதை ஏற்க மறுத்தார்.

சோவியத் முகாம் சிதைந்த பிறகு கிழக்கு ஐரோப்பியக் கணிதவியலாளர்கள் பலர் அமெரிக்காவில் குடியேறினார்கள். பல்கேரியாவில் வட்டத்தில் வளர்ந்த ஸ்வெஸ்தெலினா ஸ்தான்கோவா 1998இல் பெர்க்லியில் ஒரு வட்டம் தொடங்கினார். அதற்கு முன்பே, 1994இல், பாஸ்டனில் ராபர்ட் கப்லன், எலன் கப்லன் இணையர் தொடங்கிய வட்டம் போட்டிகளை அறவே விலக்கியது.

கதவு அடைக்கப்பட்டவர்கள்

1930களில் கன்சாஸில் உடற்கல்வி பயின்ற ஜான் மெக்லெண்டன், கறுப்பினத்தவர் என்பதால் பல்கலைக்கழக அணியில் ஆட முடியவில்லை. அவருக்கு வழிகாட்டியாக இருந்து ஆட்டத்தைக் கற்பித்தவர் முதிய நெய்ஸ்மித். பின்னாளில் வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் கறுப்பினத்தவருக்கான கல்லூரியின் பயிற்சியாளரான மெக்லெண்டன், 1944 மார்ச் 12 அன்று, ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கதவுகளைப் பூட்டிக்கொண்டு, வெள்ளையர்கள் மட்டுமே கொண்ட டியூக் மருத்துவப் பள்ளி அணியோடு ஓர் ஆட்டத்தை நடத்தினார். இனப்பிரிவினைச் சட்டம் நிலவிய ஊரில் அது துணிகரச் செயல். அவருடைய அணி 88–44 என்று வென்றது. அவர் பயிற்றுவித்த விரைவு ஆட்டமுறையே இன்றைய கூடைப்பந்தின் இயல்பு நடையாகிவிட்டது.

மாஸ்கோவில் 1970களில் யூத மாணவர்களுக்குப் பல்கலைக்கழகக் கணிதத் துறையின் வாசல் ஏறத்தாழ மூடியிருந்தது. வாய்மொழித் தேர்வில் அவர்களுக்கென்றே தனியாகக் கொடிய கணக்குகள் வைக்கப்பட்டன. 1978இல் பெல்லா சுபோத்தோவ்ஸ்கயா தம் வீட்டில், அப்படி மறுக்கப்பட்டவர்களுக்காக உயர்கணித வகுப்புகளைத் தொடங்கினார். முன்னணிக் கணிதவியலாளர்கள் ஊதியமின்றி வந்து கற்பித்தார்கள். உளவுத்துறையின் விசாரணைகளும் கைதுகளும் தொடர்ந்தன. 1982 செப்டம்பரில் ஓர் இரவு அவர் வாகனம் மோதி இறந்தார். வகுப்புகளும் அதிக காலம் நீடிக்கவில்லை. அங்கே படித்தவர்களில் பலர் பின்னர் உலகப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியர்களானார்கள்.

போட்டி பெரிதாகும்போது

1934 டிசம்பரில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் ஒரே இரவில் இரண்டு கல்லூரி ஆட்டங்கள் நடத்தப்பட்டபோது 16,000க்கும் மேற்பட்டோர் நுழைவுச்சீட்டு வாங்கினார்கள். 1939இல் தேசியக் கல்லூரிக் கோப்பை தொடங்கியது. விளைவு படிப்படியாக வந்தது:

1. நுழைவுச்சீட்டுப் பணம் வந்ததும், ஆட்டம் வகுப்பிலிருந்து பிரிந்து தனித் துறையாயிற்று.

2. எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வெல்லும் என்று பந்தயம் கட்டும் முறை பரவியதும், தோற்காமலேயே ஏமாற்ற வழி பிறந்தது. ஆட்டக்காரர் வெற்றியைக் கைவிட வேண்டியதில்லை, வித்தியாசத்தைக் குறைத்தால் போதும்.

3. 1950இல் தேசியக் கல்லூரிக் கோப்பை, தேசிய அழைப்புக் கோப்பை ஆகிய இரண்டையும் ஒரே பருவத்தில் வென்று வரலாறு படைத்த நியூயார்க் சிட்டி கல்லூரி அணியே, 1951இல் இந்த மோசடியில் சிக்கியது. ஏழு கல்லூரிகளைச் சேர்ந்த 32 ஆட்டக்காரர்கள் மீது குற்றம் சுமத்தப்பட்டது.

கணித வட்டங்களுக்கு நுழைவுச்சீட்டு வருமானம் இல்லாததால் இந்த அளவு சீரழிவு நேரவில்லை. அங்கே நேரும் தேய்வு வேறு வகை. பதக்கப் பட்டியலால் மதிப்பிடப்படும் வட்டம், நேரத்துக்குள் முடியக்கூடிய கணக்குகளை மட்டும் தேர்ந்தெடுக்கத் தொடங்குகிறது. மெதுவாகச் சிந்திக்கும் பிள்ளை, பெரும்பாலும் பெண்பிள்ளை, சொல்லாமல் நின்றுவிடுகிறது. என் மதிப்பீட்டில், போட்டி ஒரு பிள்ளையைக் கணிதத்துக்குள் அழைத்துவரும் வாசலாக இருக்கும்வரை நல்லது. ஆசிரியரை அளக்கும் கோலாக மாறும்போது வட்டம் தனிப்பயிற்சி மையமாகிவிடுகிறது. கப்லன் இணையர் போட்டியை முற்றாக விலக்கியதைவிட, போட்டியில் வென்ற மூத்த மாணவரை இளையவருக்குக் கற்பிக்க அழைத்துவந்த கான்ஸ்டன்டினோவின் வழி நீடித்த பயன் தந்தது என்றே கருதுகிறேன்.

சென்னைக்கு வந்த கிளைகள்

ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். நந்தனத்தில் அது இன்றும் இயங்குகிறது. அங்கே பயின்றவர்கள் பள்ளி பள்ளியாக உடற்கல்வி ஆசிரியர்களாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

கணிதத்தில் இதற்கு நிகரான முயற்சி, 1965இல் சென்னையில் உருவான இந்தியக் கணித ஆசிரியர் சங்கம். மாணவர்களுக்கெனப் போட்டித் தேர்வும் இதழும் நடத்திவரும் அச்சங்கத்தின் முன்னோடிகளில் ஒருவர், முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கற்பித்த பி.கே. சீனிவாசன். காகிதத்தையும் தீக்குச்சியையும் வைத்தே கணிதக் கண்காட்சிகள் அமைக்கப் பிள்ளைகளைப் பழக்கியவர். ராமானுஜனின் கடிதங்களையும் அவரை அறிந்தவர்களின் நினைவுகளையும் தேடித் தொகுத்து 1968இல் வெளியிட்டார். 1993இல் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் உருவாகவும் அவரே காரணமாக இருந்தார்.

இரண்டு கிளைகளுக்கும் இங்கே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. விளையாட்டுக்குப் பள்ளியில் பாடவேளை உண்டு, அதற்கான ஆசிரியர் பணியிடம் உண்டு, அப்பணிக்கு ஆயத்தப்படுத்தும் கல்லூரி உண்டு. கணித வட்டத்துக்கு இவற்றில் ஒன்றுகூடப் பள்ளி அமைப்புக்குள் இல்லை. ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் பணிமாறுதல் பெற்றாலோ ஓய்வு பெற்றாலோ அவர் நடத்திய வட்டமும் நின்றுபோகிறது. வட்டத்தில் படித்துக் கல்லூரிக்குப் போன பிள்ளைகள், வாரத்தில் ஒரு மாலை தம் பழைய பள்ளிக்குத் திரும்பிவந்து கற்பிக்க நிர்வாகங்கள் ஒரு வகுப்பறையைத் திறந்து வைத்தாலே அந்தத் தொடர்ச்சி உருவாகத் தொடங்கும்.